மாமாவின் கையும் ஐம்பது ஆம்பியர் பிரேக்கரும்

மாமா, அதாவது என் அக்காவின் கணவர், வீட்டில் எதைத் தொட்டாலும் அது பழுதாகும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் குமிழ் கையோடு வரும். சொட்டும் குழாயை இறுக்கி மூடினால் முன்பைவிட அதிகமாகச் சொட்டும். கண்ணாடி டம்ளர் இருக்கும் அலமாரிப் பக்கம் அக்கா அவரை விடுவதே இல்லை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் எங்கள் தொழிற்சாலையில் நான்கு வருடம் கைராசிக்காரர் என்று கொண்டாடினார்கள். "அங்க கைராசி, இங்க கைநாசம்" என்பாள் அக்கா.

நான் அந்தத் தொழிற்சாலையின் எலெக்ட்ரீஷியன். கைராசிக் கதை தொடங்கியதற்கும் அது நான்கு வருடம் நீடித்ததற்கும் முழுப் பொறுப்பு என்னுடையது. ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு யாராவது சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் காகிதப் பை செய்கிறோம். மாமாவுக்குப் பேக்கிங்கில் வேலை. ஐநூறு ஐநூறாக வரும் பைகளைக் கட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, லாரி வந்தால் ஏற்ற வேண்டும். பதினெட்டு வருடமாக அதே வேலை. நெட்டையான ஆள், முதுகில் லேசாகக் கூன், சிரிக்கும்போது காதும் சேர்ந்து அசையும். யார் கூப்பிட்டாலும் போவார். யார் திட்டினாலும், திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப என்ன செய்யணும்?" என்பார். இப்படி ஒரு மனிதரிடம் சண்டை போடவே முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மிஷினை வாங்கி வந்தார்கள். அதற்கு இருநூறு வோல்ட்தான் வேண்டும். எங்களுக்கு வருவது அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே இடையில் பீரோ உயரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள். அதற்கு முன்னால், மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து அணைக்கும் ஒரு பிரேக்கர் போட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் நாற்பத்திரண்டு ஆம்பியர் இழுக்கும் என்று கணக்குப் போட்டு, ஐம்பது ஆம்பியர் பிரேக்கர் வாங்கி மாட்டினேன். கேபிளும் அதற்குப் பொருத்தமானதுதான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

முதல் நாள் காலை பிரேக்கரின் கைப்பிடியை மேலே தள்ளினேன். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடவை உறுமியது. பிரேக்கர் டப்பென்று விழுந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடி விழுந்தது. இத்தனைக்கும் மிஷினை இன்னும் இணைக்கவே இல்லை. வெறுமனே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஐம்பது ஆம்பியர் போதவில்லை என்றால் யார் நம்புவார்கள்? மூன்றாம் தடவையும் விழுந்ததும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து அட்டைப் பெட்டிகளோடு அந்தப் பக்கம் வந்த மாமாவிடம், மேனேஜர் விளையாட்டாக, "நீங்க ஒரு தடவை தள்ளிப் பாருங்களேன்" என்றிருக்கிறார். மாமா தள்ளினார். பிரேக்கர் நின்றது.

மறுநாள் நான் தள்ளினேன், விழுந்தது. மாமா தள்ளினார், நின்றது. போதாதா? ஒரே வாரத்தில் அது தொழிற்சாலைச் சட்டமாகிவிட்டது. காகிதம் குவிந்து கிடக்கும் இடம் என்பதால், ஆள் இல்லாத நேரத்தில் எல்லா மின்சாரமும் அணைந்திருக்க வேண்டும் என்பது காப்பீட்டுக்காரர்களின் நிபந்தனை. அதனால் தினமும் காலையில் டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாமா கை கழுவுவார், துண்டில் துடைப்பார், ரப்பர் விரிப்பில் ஏறி நிற்பார், ஒரு முறை தொண்டையைக் கனைப்பார். இருபத்தாறு பேரும் மூச்சுக் காட்டாமல் நிற்போம். பிரேக்கர் நின்றதும் எல்லோரும் வேலைக்குக் கலைவார்கள். சுவரில் ஒட்டியிருந்த பணிப் பட்டியலில், பசை, வெட்டு, அச்சு, பேக்கிங் ஆகியவற்றுக்குக் கீழே "டிரான்ஸ்ஃபார்மர்: கைராசி" என்று மேனேஜர் டைப் அடித்தே போட்டுவிட்டார். எலெக்ட்ரீஷியனான நான் தினமும் அதைப் படித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். என் வயிறு எரிந்ததைக் கேட்பானேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். இணைப்புகளையெல்லாம் இறுக்கினேன். டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்களை மீட்டர் வைத்துச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. பிரேக்கர்தான் மட்டம் என்று அதை மாற்றினேன். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. மூன்று தடவையும் கடையில் பழையதைக் காட்டி, "இதே மாதிரி குடுங்க" என்றுதான் வாங்கினேன். "ஐம்பதை எடுத்துட்டு எண்பது போட வேண்டியதுதானே?" என்றார் மேனேஜர். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. எண்பது போட்டால் பிரேக்கர் பேசாமல் இருக்கும், கேபிள் வெந்துபோகும். காகிதக் கிடங்கில் அந்த விளையாட்டு வேண்டாம். இந்தக் கதை முழுவதிலும் நான் பெருமைப்பட்டுக்கொள்ள இருக்கும் ஒரே இடம் இது.

இரண்டு வருடத்துக்கு முன் மாமா காய்ச்சலில் படுத்தார். அன்று காலை நான் தள்ளினேன். மூன்று தடவை விழுந்தது. நான்காவது தடவை, கோபத்தில் நான் தள்ளிய வேகத்தில் கைப்பிடியே ஒடிந்து என் கையோடு வந்துவிட்டது. புதிய பிரேக்கர் வாங்கி மாட்டுவதற்குள் அரை நாள் போனது. சரக்கு ஏற்ற வந்த லாரி வெறுமனே திரும்பியது. அன்றிலிருந்து மாமாவுக்கு விடுமுறை என்பதே கிடையாது. எனக்கோ "ஒடிச்சான்" என்று பட்டப்பெயர்.

இப்போது பாப்பாவிடம் வருகிறேன். பாப்பா என்பது மாமாவின் ஒரே மகள். இருபத்தாறு வயதாகிவிட்டது, இன்னும் எங்களுக்குப் பாப்பாதான். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு நகரத்தில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாள். டிரைவர் தேர்வு எழுதி, ரிவர்ஸ் எடுப்பதில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறினாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை போன் வந்தது. அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை, காலை ஆறரை மணி பஸ், அவள் கையில்.

"அப்பா, முதல் டிக்கெட் உங்களுக்குத்தான். கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சுட்டேன். வரலைன்னா பேசவே மாட்டேன்" என்றாள்.

மாமா அன்றே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார், ஒன்பது நாள் முன்னதாக. அக்கா முன்கூட்டியே மகளிடம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி திங்கள் அங்கே இருந்தால் போதும். ஒரே ஒரு நாள் விடுமுறை. மாமா மேனேஜரிடம் போய்க் கேட்டார்.

"திங்கட்கிழமையா?" என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். "வேற எந்த நாள்னாலும் யோசிக்கலாம். அன்னைக்குப் பெரிய ஆர்டர் போகணும். நீங்க இல்லாம அதை யாரு போடறது? உங்க மச்சானா? போன தடவை பார்த்தோமே."

மாமா வழக்கம்போல முழுவதும் கேட்டார். ஆனால் "சரி, இப்ப என்ன செய்யணும்?" என்று அன்று கேட்கவில்லை. திரும்பி வந்து பெட்டி அடுக்கினார். அவர் முகம் தொங்கிப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

மாலையில் இருவரும் சேர்ந்து நடந்தோம். பாதி வழியில் மாமா சொன்னார்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. என் கையிலயும் அது விழும்."

"என்ன சொல்றீங்க?"

"மூணு நாலு தடவைக்கு ஒரு தடவை விழும். விழுந்தா, 'இன்னைக்கு இவர் டீ குடிக்கலை போல'ன்னு சிரிச்சுட்டு இன்னொரு தடவை போடச் சொல்லுவாங்க. அடுத்த தடவை நிக்கும். நின்னதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நீ போட்டா விழுந்ததுதான் ஞாபகம் இருக்கும்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நானே அங்கே நின்று பார்த்திருக்கிறேன், நானே சிரித்திருக்கிறேன். "நாலு வருஷமா ஏன் மாமா சொல்லலை?" என்று கத்தினேன். ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் என்னை எல்லாரும் 'ஏய், இங்க வா'ன்னுதான் கூப்பிட்டாங்க மச்சான். அதுக்கப்புறம் தினமும் காலையில மேனேஜரே 'வாங்க'ன்னு கூப்பிடறார். விட மனசு வரலை. இப்ப அதுவே என்னைக் கட்டிப் போட்டுடுச்சு."

அவருக்குக் கைராசி இல்லை, எனக்கும் கைநாசம் இல்லை. போடும் ஆளைப் பொறுத்து அது விழவில்லை என்றால், வேறு எதையோ பொறுத்து விழுகிறது. நான்கு வருடமாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மூன்று தடவை அதே பிரேக்கரை வாங்கிய மூளைக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். வழக்கமாக இருக்கும் பெரியவர் இல்லை, அவருடைய மருமகள் இருந்தாள். முப்பது வயதிருக்கும், கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். பழைய பிரேக்கரை மேசை மேல் வைத்து, இந்தத் தடவை "இதே மாதிரி குடுங்க" என்று சொல்லாமல், நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பிரேக்கரைத் திருப்பி முகப்பைப் பார்த்தாள்.

"ஐம்பதுக்கு முன்னாடி C போட்டிருக்கே, இது என்னன்னு தெரியுமா அண்ணா?"

"மாடல் நம்பர்" என்றேன். இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே பேசினாள். எண் சொல்வது, தொடர்ந்து எவ்வளவு மின்சாரம் ஓடலாம் என்பதை. எழுத்து சொல்வது, மின்சாரம் ஒரு கணம் திடீரென்று எகிறும் உதறலை எவ்வளவு பொறுக்கும் என்பதை. B என்றால் தன் அளவைப் போல் மூன்று மடங்கு வரை பொறுக்கும், C ஐந்து மடங்கு வரை, D பத்து மடங்கு வரை. அதற்கு மேல் போனால் எந்த நிமிடமும் விழலாம்.

"டிரான்ஸ்ஃபார்மரைப் போட்ட உடனே கண் இமைக்கிற நேரத்துக்கு அது தன் முழுச் சுமையைப் போல பல மடங்கு இழுக்கும். மிஷினே இணைக்கலைன்னாலும் இழுக்கும். அப்புறம் தானா அடங்கிடும். எத்தனை மடங்குன்னு அது கூட வந்த சோதனைத் தாள்ல இருக்கும்."

அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் கதவின் உட்பக்கம் பிளாஸ்டிக் உறையில் நான்கு வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. உத்தரவாத அட்டை என்று நினைத்து நான் தொட்டதே இல்லை. தொழிற்சாலைக்குப் போன் போட்டு மாமாவைப் படிக்கச் சொன்னேன். அதிகபட்சம் பத்து மடங்கு.

"நாற்பத்திரண்டு பத்து, நானூற்று இருபது. உங்க C இருநூத்தைம்பதுக்கு மேல எப்ப வேணும்னாலும் விழும். D ஐந்நூறு வரைக்கும் அசையாது" என்று அவள் பென்சிலால் கோடு போட்டாள்.

"அப்புறம் எப்படிச் சில நாள் நின்னுது?"

"ஊஞ்சல் ஆட்டியிருக்கீங்களா? அது போற நேரம் பார்த்துத் தள்ளினா லேசா போகும். நம்ம பக்கம் வர்றப்போ தள்ளினா கையில இடிக்கும். மின்சாரமும் ஒரு செகண்டுக்கு எத்தனையோ தடவை போயிட்டு வந்துட்டு இருக்கு. நீங்க போடற நேரம் எங்க அமையுதோ, நேத்து அணைச்சப்போ உள்ள எவ்வளவு காந்தம் மிச்சம் நின்னுதோ, அதைப் பொறுத்து உதறல் பெரிசா வரும், சின்னதா வரும். ஆளைப் பொறுத்து இல்லை."

ஐம்பது ஐம்பதாகவே இருப்பதால் கேபிளுக்கு ஆபத்து இல்லை. ஆனால் D-யை எங்கே வேண்டுமானாலும் மாட்டிவிடக் கூடாது என்றாள். நீளமான, மெலிந்த கேபிளின் கடைசியில் ஷார்ட் ஆனால், அங்கே ஓடும் மின்சாரம் D-யை உடனே விழவைக்கப் போதாமல் போகலாமாம். எங்கள் கேபிள் தடிமனானது, பதினெட்டு அடிதான், மெயின் போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். மெயின் பிரேக்கரின் அளவையும் கேட்டு, அதுவும் இந்த உதறலைத் தாங்கும் என்று சரிபார்த்தாள். D பிரேக்கர் கடையில் இல்லை, வெளியூரிலிருந்து சனிக்கிழமைதான் வரும் என்றாள்.

"மாட்டினதும் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு 'நின்னுடுச்சு'ன்னு வந்துடாதீங்க. ஒரு தடவைன்னா C-யும்தான் நிக்கும். முப்பது தடவையாவது போட்டுப் பாருங்க."

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் "மாடல் நம்பர்" உட்பட. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முப்பது தடவையும் நின்னா அவர் போகட்டும். ஆனா அவர் போடக் கூடாது. மத்தவங்கதான் போடணும்" என்றார். நியாயம்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிரேக்கர் வந்தது. நான்கு மணிக்கு மாட்டி முடித்தேன். மிஷினுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டோம். வேலை நேரம் முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் பசைப் பகுதி அம்மா வந்தார். நான் சொல்லாமலே போய்க் கை கழுவி, துண்டில் துடைத்து, விரிப்பில் ஏறி, தொண்டையைக் கனைத்தார். தள்ளினார். உறுமல் வந்தது, அடங்கியது. பிரேக்கர் நின்றது. அணைத்துவிட்டுச் சற்று நேரம் விட்டு அடுத்தவர். எல்லோரும் அதே மாதிரி கை கழுவிக் கனைத்தார்கள். கனைக்காமல் போட்டால் செல்லாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பத்துப் பேர் ஆவதற்குள் பயம் போய்க் கேலி வந்தது. இடது கையால் போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். மேனேஜர் முறை வந்தபோது அவர் இரண்டு தடவை கை கழுவினார். நின்றதும் அவரே கை தட்டிக்கொண்டார்.

மாமா ஓர் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை ஏற ஏற அவர் முகத்தில் சந்தோஷம் ஏறியது. நடுநடுவே வேறு ஏதோ ஒன்றும் வந்து போனது. அதையும் நான் பார்த்தேன்.

என்னையும் சேர்த்து இருபத்தைந்து பேரும் ஆளுக்கு ஒரு தடவை போட்டாகிவிட்டது. மீதி ஐந்தையும் "ஒடிச்சான் போடட்டும்" என்றார்கள். ஐந்து தடவையும் என்னால் முடிந்த அளவு எரிச்சலோடு போட்டேன். ஐந்தும் நின்றது. மாமா எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிச் சட்டை கசங்காமல் இருக்க அதைத் தனிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் பிரேக்கரைத் தள்ளினேன். நின்றது. அவரவர் வேலையைப் பார்த்தார்கள். யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நல்ல வேலை செய்தால் இப்படித்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். மாமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் பஸ் இரைச்சல்.

"மச்சான், மூணாவது நடை போய்ட்டு இருக்கேன். இறங்கவே இல்லை. ஒவ்வொரு நடைக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். என்னமா ஓட்டறா தெரியுமா. மடியில தண்ணி டம்ளரை வெச்சுக்கிட்டு உக்காரலாம்."

"இங்கயும் ஓடுது மாமா. ஒரே தடவையில நின்னுடுச்சு."

"அப்படியா, நல்லது" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப... என்னை யாரும் தேடலை?" என்றார்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். உண்மையைத்தான் சொன்னேன். "காலையில ஏழு மணிக்கு யாரும் தேடலை. இப்ப டீக்கு உக்காந்தோம், ஒருத்தர் விடாம உங்களைக் கேட்டாச்சு. பாப்பா எப்படி ஓட்டறா, பஸ் என்ன கலரு, அழுதாரா இல்லையான்னு. மேனேஜர் இங்கதான் நிக்கறார். போனை ஸ்பீக்கர்ல போடச் சொல்றார்."

போட்டேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அதட்டல் வந்தது, பஸ் முழுவதும் கேட்கும்படி. எங்கள் டீ மேசை முழுவதும்கூடக் கேட்டது.

"படிக்கட்டுகிட்ட நின்னு போன் பேசற பெரியவரே, உள்ள வாங்க. கம்பியைப் பிடிச்சு நில்லுங்க. அப்பதான் வண்டி எடுப்பேன்."

பாப்பாவின் குரல்.

"கேட்டீங்களா?" என்றார் மாமா எங்கள் எல்லோரிடமும். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "என்னைத்தான் சொல்றா. வெச்சுடறேன், வண்டி எனக்காக நிக்குது."